சூடும் பூட்டும்

"போனியா?"

வாசலில் கால் வைத்த யாரிடமும் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். வா என்பது கிடையாது. உட்கார் என்பது கிடையாது. எங்கே என்று புதிதாக வந்தவர்கள் விழிப்பார்கள். "ஒண்ணுக்குப்பா, ஒண்ணுக்கு. மூத்திரம். போனியா இல்லியா?" என்று புனாவின் கட்கி பஜாரில் பாதிக் கடைக்குக் கேட்கும்படி விளக்குவாள். ஒருமுறை என் மாமனாரை என் எதிரிலேயே கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அந்த மனிதர் அவள் தெரு வழியாக நடப்பதையே விட்டுவிட்டார்.

என்னைவிட இருபது வயது பெரியவள். அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஆனாலும் 'அவர் சொன்னார்' என்று எழுதினால் அது வேறு யாரோ. இது அவள்தான்.

மராட்டிக்காரர்கள் ஊசிக்காரம்மா என்கிற அர்த்தத்தில் சுயிவாலி பாய் என்பார்கள். நம்மவர்களுக்கு ஊசியக்கா. மருந்து ஏற்றுகிற ஊசி இல்லை, முடி மாதிரி மெல்லிய சீன ஊசி. அக்குபங்சர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புனாவில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்று நடந்தது. அதில் போய்ச் சேர்ந்து கற்றுக்கொண்டு வந்தாள். வகுப்பும் புத்தகமும் ஆங்கிலத்தில். இவள் ஆரணிப் பக்கத்தில் பத்தாவது வரை தமிழில் படித்தவள். பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு நீள நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டாள். கிட்னியைக் கிட்னி என்றே எழுதினாள். மூத்திரப் பைக்கு வெறும் 'பை'. பையில் ஈரமும் சூடும் சேர்ந்து தங்கினால் நீர் போகும்போது எரியும் என்று சீன வைத்தியம் சொல்கிறது. அதற்கு 'ஈரச்சூடு' என்று பெயர் வைத்திருந்தாள்.

அவளுடைய முன்னறைதான் கிளினிக். ஒரு கட்டில், ஊசி அவிக்கத் தனியாக ஒரு குக்கர், சுவரில் கோடு கோடாக வரைந்த ஒரு சீன ஆள். அந்த ஆளின் கண்ணோரத்தில் தொடங்கி, தலைமேல் ஏறி, முதுகில் இரண்டு தடமாக இறங்கி, கால் சுண்டுவிரலில் முடிகிற கோடுதான் பையின் பாதை. "இது நம்ம லோனாவ்லா லோக்கல். அப் லைன், டவுன் லைன் மாதிரி முதுகுல ரெண்டு. மொத்தம் அறுபத்தேழு ஸ்டேஷன்" என்பாள். அதில் எந்த ஸ்டேஷனில் ஊசி இறக்குவது என்பதுதான் வைத்தியம்.

அந்த முதல் கேள்விக்குக் காரணம் இருந்தது. தொப்புளுக்குக் கீழே நாலு விரல் தள்ளிக் குத்தும்போது பை காலியாக இருக்க வேண்டும். நிரம்பி மேலே எழும்பியிருந்தால் ஊசி அதிலேயே இறங்கிவிடும். அதனால் போகாமல் வந்தவர்களைக் கொல்லைப்புறம் அனுப்பிவிட்டுத்தான் குக்கரைத் திறப்பாள். கேட்டுக் கேட்டு வாயோடு ஒட்டிவிட்டது. கல்யாண வீட்டில், ரேஷன் வரிசையில், லோக்கல் டிரெயினில், எங்கே பார்த்தாலும் போனியா.

அவள் சொன்னதை எல்லாம் நான் நம்பியதாக நினைக்க வேண்டாம். காது இரைந்தால் கிட்னி, முடி கொட்டினால் கிட்னி, முழங்கால் வலித்தால் கிட்னி. சாயங்காலம் மூன்றிலிருந்து ஐந்து வரை பையின் நேரம், ஐந்திலிருந்து ஏழு வரை கிட்னியின் நேரம் என்பாள். அதில் பாதியை நான் இன்றுவரை நம்பவில்லை. வங்கியில் வேலை பார்த்த ஒருவர் முதுகுவலிக்கு வந்து படுத்துக்கொண்டே நக்கலடித்தார்.

"ஏம்மா, சீனாக்காரனுக்கு நம்ம கிட்னியைப் பத்தி என்ன தெரியும்?"

"ஏன் சார், அவனுக்கு வேற கலர்ல வருதா?"

ஒன்றை மட்டும் அவள் சொன்னபோதெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டேன். கிட்னியில் பயம் குடியிருக்கிறது என்பாள். கோபம் ஈரலில், துக்கம் நுரையீரலில், பயம் கிட்னியில். "பயந்தா மூத்திரம் வருதில்ல? திருப்பிப் பாரு. மூத்திரத்தை அடக்கினா பயம் தேங்கும்."

அப்போது நான் அடக்கிக்கொண்டிருந்தேன்.

ஆகுர்டியில் ஸ்கூட்டருக்கு வயர் கட்டுகிற ஒரு சின்னக் கம்பெனி. நாங்கள் இருபத்திரண்டு பெண்கள். கலர் கலராக வயரைப் பலகையில் இழுத்து, டேப் சுற்றி, முனையில் கிளிப் அடிக்க வேண்டும். பெண்களுக்கு ஒரே கக்கூஸ். அதற்குப் பூட்டு. சாவி சூப்பர்வைசர் மேஜையில். சாவி தொலையக் கூடாதென்று அதில் ஒரு பிரேக் ஷூவைக் கோத்து வைத்திருந்தார்கள். சக்கரத்துக்குள் இருக்குமே, பிறை மாதிரி வளைந்த இரும்பு, அது. கழித்துப்போட்ட சரக்கு. சேலைக்குள் மறைக்க முடியாது. கையில் தூக்கிக்கொண்டு ஆண்கள் வேலை செய்கிற பகுதியை முழுக்கக் கடந்து போக வேண்டும். ஒருத்தி பிரேக் ஷூவோடு எழுந்தாள் என்றால் அவன்கள் ஸ்பானரால் மேஜையில் தட்டுவான்கள். டங், டங், டங். அவள் நடக்கிற நடைக்குத் தாளம். திரும்பி வரும்போதும்.

படிக்கிற ஆண்களுக்கு இது சிரிப்பாக இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நாங்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினோம். காலையில் கட்கியில் லோக்கல் ஏறும் முன் வீட்டில் ஒருமுறை. இருட்டின பிறகு வீட்டில் ஒருமுறை. நடுவில் பதினோரு மணி நேரம்.

எரிச்சல் தொடங்கியது. எங்கள் வீட்டில் அதற்குச் 'சூடு பிடித்துவிட்டது' என்று பெயர். நல்லெண்ணெய் தேய்த்தார்கள், வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு மராட்டிக்காரி 'உன்ஹாளி லாக்லி' என்றாள். உன்ஹாளா என்றால் கோடை. அவர்கள் பாஷையிலும் அது வெயிலின் குற்றம்தான். கொத்தமல்லி ஊறிய தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எதற்கும் கேட்கவில்லை. அக்காவிடம் போனேன்.

"நாக்கை நீட்டு."

நீட்டினேன்.

"இன்னும். அடி நாக்கு தெரியணும். அங்கதான் கிட்னியும் பையும் முகத்தைக் காட்டும். இன்னா இது, மஞ்சப் பூசணம் மாதிரி? ஈரச்சூடு. படு."

தொப்புளுக்குக் கீழே ஒன்று, இரண்டு கணுக்காலின் உட்புறமும் ஒவ்வொன்று, பிறகு கவிழ்த்துப் போட்டு இடுப்பில் இரண்டு. இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் எரிச்சல் திரும்பியது. அடுத்த வியாழக்கிழமை, கம்பெனிக்கு லீவு நாள், மறுபடி போனேன். அப்படி மூன்று வியாழன். மூன்றாவது தடவை நாக்கைப் பார்த்துவிட்டு ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள்.

"தே, ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி போற?"

"ரெண்டு."

"ரெண்டா? நடுவுல?"

"நடுவுல பிரேக் ஷூக்கா."

"இன்னா பிரேக் ஷூ?"

சொன்னேன். பூட்டு, சாவி, ஸ்பானர் தாளம், எல்லாம். சொல்லச் சொல்ல அவள் முகம் சிவந்தது. ஊசியைக் குக்கருக்குள் திரும்பப் போட்டு, நங்கென்று மூடினாள்.

"சூடுன்னு நீ சொன்ன. உன்ஹாளின்னு அவ சொன்னா. என் புக்கும் ஈரச்சூடுன்னுதான் சொல்லுது. மூணு பாஷையிலயும் சூட்டையே திட்டிகினு கீறோம். பூட்டுன்னு ஒருத்தியும் சொல்லல. நானும் கேக்கல பாரு. வர்றவன் போறவனை எல்லாம் போனியா போனியான்னு கேட்டேனே, ஏன் போகலன்னு உன்னை ஒரு வார்த்தை கேட்டேனா? த்தூ!"

தன்னைத்தான் துப்பிக்கொண்டாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, "எழுந்துரு. இனிமே குத்த மாட்டேன்" என்றாள்.

"வலிக்குதுக்கா."

"வலிக்கட்டும். நான் குத்துவேன், ரெண்டு நாள் நல்லா இருக்கும், நீ போய் அடக்கிகினு உக்காருவ. அதுக்குப் பேரு வைத்தியமா? உன் கம்பெனிக்கு நான் வேலை செய்யற மாதிரி கீது. போய்ப் பூட்டைத் திற, அப்புறம் வா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நீ போய் உட்கார்ந்து பார் அந்த ஸ்பானர் சத்தத்தில், வீட்டிலேயே கொல்லைப்புறம் வைத்துக்கொண்டு பேசாதே என்று கத்திவிட்டு வந்தேன். இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. அவள் செய்தது சரி என்று இன்றும் சொல்ல மாட்டேன். வலிக்கிறவளை வெளியே அனுப்பக் கூடாது.

மூன்றாவது வாரம் பலகை முன்னால் நின்றபடியே எனக்குக் குளிர் வந்தது. மே மாதத்தில் பல் கிட்டியது. வலது விலாவுக்குப் பின்னால் யாரோ ஆணியை அறைகிற மாதிரி வலி. அரை நாள் லீவு போட்டு எப்படியோ கட்கியில் வந்து இறங்கினேன். என் வீட்டுக்காரர் டெம்போ டிரைவர், அன்று வீட்டில் இருந்தார். எனக்கு ஆஸ்பத்திரி என்றால் பயம். ஊசியக்காவிடமே கூட்டிப்போ என்றேன்.

மணி ஐந்து இருக்கும். அவள் கணக்குப்படி கிட்னி நேரம். கோபத்தில் கத்திவிட்டுப் போனவளாயிற்றே, ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். நெற்றியைத் தொட்டாள். முதுகில் விலாவுக்குக் கீழே விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினாள். நான் அலறினேன்.

"இது என் கிட்னி இல்ல" என்றாள்.

"என்னக்கா?"

"என் புக்ல கீற கிட்னி வேற, ஆஸ்பத்திரிக்காரன் கிட்னி வேற. இது அவங்க கிட்னி. என் ஊசி இங்க ஒண்ணும் கிழிக்காது." உள்ளே திரும்பிக் கத்தினாள். "யோவ், ரிக்ஷா கூப்பிடு. சட்டையெல்லாம் அப்புறம் தேடலாம், ஓடு!" அவள் புருஷன் பனியனோடு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர், எத்தனை நாளாக இப்படி, எங்கே காட்டினீர்கள் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் உண்மையைச் சொன்னார். டாக்டருக்கு மூக்கு விடைத்தது. இந்தியில்தான் பேசினார்கள், எனக்கு நினைவிருக்கிறபடி எழுதுகிறேன்.

"ஊசி குத்துகிறவர்கள், தாயத்து கட்டுகிறவர்கள், எல்லாரிடமும் போய்விட்டுக் கடைசியில் எங்களிடம் வருகிறீர்கள். யார் அந்த ஊசிக்காரி?"

"நான்தான்" என்று அவள் முன்னால் வந்தாள். "மூன்று வாரம் என் தப்பு. எழுதிக்கொள். இப்போது இவளுக்கு மருந்தை ஏற்று. திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், நான் எங்கேயும் ஓடப் போவதில்லை."

ஓடவும் இல்லை. ஐந்து நாளும் வந்தாள். தினமும் அந்த டாக்டர் நாலு வார்த்தை திட்டினார். தினமும் கேட்டுக்கொண்டாள். நான் பார்த்தவரையில் அவள் பதில் பேசாமல் நின்ற ஒரே இடம் அதுதான். வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் என்னிடம் சொன்னார், நிறையத் தண்ணீர் குடிக்கணும், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போகணும், அடக்கக் கூடாது. அவள் வாயைத் திறந்தாள்.

"எழுதிக் கொடு."

"எதை?"

"இப்போது சொன்னதை. இவள் மூத்திரம் போக வேண்டும் என்று. பெரிய சீட்டில், கையெழுத்தோடு, முத்திரையோடு."

"இதையெல்லாம் யாராவது எழுதுவார்களா?"

"ஆன்டிபயாடிக் எழுதினாயே, அது ஐந்து நாளைக்கு. இதை எழுது, இது ஆயுசுக்கு."

டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள். எழுதினார். இரண்டு வரி, ஆங்கிலம். நர்ஸ் படித்துக் காட்டிய பிறகுதான் கட்டிலை விட்டாள். கிளம்பும்போது அந்த டாக்டர் என்னிடம் கைகுலுக்கவில்லை. அவளிடம் குலுக்கினார்.

வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் சொன்னேன், சீட்டைக் காட்டினால் வேலையை விட்டே அனுப்பிவிடுவான் என்று.

"போகட்டும். ஆகுர்டியில கம்பெனி ஆயிரம் கீது. உனக்குக் கிட்னி ரெண்டே ரெண்டு. அதுல ஒண்ணு ஏற்கெனவே கீறல் விழுந்தது."

"பயமா இருக்குக்கா."

"இருக்கும். அடக்கி வெச்சிகினு கீறியே, இருக்கத்தான் செய்யும். போய் விட்டுட்டு வா."

சூப்பர்வைசர் சீட்டை இரண்டு தடவை படித்தான். டீக் ஹை, உனக்கு மட்டும் என்றான். மற்றவர்கள் கேட்கக் கூடாது, அவர்களிடம் சீட்டு இல்லை. பிரேக் ஷூவை எடுத்து நீட்டினான்.

வாங்கிக்கொண்டு நடந்தேன். டங், டங், டங். அன்று என்ன வந்ததோ தெரியவில்லை, நடுவில் நின்றேன். நின்றதும் தாளமும் நின்றது. ஒவ்வொருத்தன் முகமாகப் பார்த்தேன். அம்மாவுக்குத் தட்டுவியா, தங்கச்சிக்குத் தட்டுவியா என்றெல்லாம் வசனம் பேசவில்லை. "மூத்திரம் போகப் போறேன். மூத்னே ஜா ரஹீ ஹூம். தட்டு" என்றேன். ஒருத்தனும் தட்டவில்லை.

போய்விட்டு வந்து கதவைச் சாத்தினேன். பூட்டவில்லை. பூட்டு, சாவி, பிரேக் ஷூ மூன்றையும் என் சாப்பாட்டு டப்பாப் பைக்குள் போட்டேன்.

சாயங்காலம் கேட்டில் பை சோதனை செய்கிறவள் ஒரு மராட்டிப் பெண். கேட்டில் அவளுக்குக் கக்கூஸே கிடையாது, பூட்டினதுகூட இல்லை. என் பையைத் தூக்கினாள். கை தாழ்ந்தது. உள்ளே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஜிப்பை இழுத்து மூடினாள்.

"டபா ஜட் ஆஹே" என்றாள். டப்பா கனமாக இருக்கிறதாம். "ஜா." போ.

மறுநாள் புதுப் பூட்டு வந்தது. அதைக் கொண்டுபோனது நான் இல்லை. யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அதற்கடுத்த பூட்டும் போனது. நாலு பூட்டு போன பிறகு, இனி வாங்கித் தர முடியாது என்று ஸ்டோர் கிளார்க் சூப்பர்வைசரிடம் சண்டை போட்டான். அதோடு முடிந்தது. அதன்பின் ஆண்களில் எவனாவது கக்கூஸ் பக்கம் எழுந்தால் இருபத்திரண்டு பேரும் கிளிப் அடிக்கிற கட்டையால் பலகையில் தட்டினோம். ஒரு மாதம் தட்டினோம். அது தேவையா என்று கேட்காதீர்கள். தேவை.

எட்டு மாதம் கழித்து வேறு ஏதோ காரணம் சொல்லி என்னை நிறுத்தினார்கள். வேறு கம்பெனியில் சேர்ந்தேன். ஸ்கேன் எடுத்தால் வலது கிட்னியில் தழும்பு தெரியும். அது ஆறவில்லை, ஆறவும் ஆறாது. பூட்டுக் கதையைக் கேட்டபோது அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, "பிரேக் ஷூவை இன்னா பண்ண?" என்றாள். பரண்மேல் கிடக்கிறது என்றேன். "தூக்கிப் போடாத. அறுபத்தெட்டாவது ஸ்டேஷன் அது" என்றாள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அவள் மகள் ஐ.டி. வேலையில் சேர்ந்து மகர்பட்டாவைத் தாண்டி ஓர் அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடியில் வீடு வாங்கினாள். அக்கா அங்கே போய்விட்டாள். புருஷன் அதற்குள் இறந்துவிட்டார். ஊசி குத்துவதையும் விட்டுவிட்டாள், கை நடுங்கியது. ஒருநாள் போன் செய்தாள். "அந்த பிரேக் ஷூ கீதா? எடுத்துகினு வா."

போனேன். கதவு திறந்திருந்தது. நாற்காலியில் சின்னதாக இருந்தாள்.

"போனியா?"

"வர்ற வழியில போயிட்டேன்கா."

"எனக்கு இப்ப வழியெல்லாம் தேவையே இல்ல. உக்காந்த எடம்தான்." இடுப்பைத் தட்டிக் காட்டினாள், உள்ளே பெரியவர்கள் கட்டுகிற டயபர். "கிட்னி சக்தி தீந்தா பை நிக்காதுன்னு நோட்ல எழுதி வெச்சேனே, அட்சரம் பெசகாம நடக்குது."

"பயமா இருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"அது எப்பவோ ஒழுகிப்போச்சு."

பிறகு விஷயத்தைச் சொன்னாள். அந்தக் கட்டடத்தில் வேலைக்கு வருகிற பெண்கள் எந்த வீட்டுக் கக்கூஸையும் தொடக் கூடாது என்று சொசைட்டியில் விதி. கீழே அவர்களுக்கென்று ஒன்று உண்டு. அதற்குப் பூட்டு. சாவி செக்ரெட்டரி வீட்டில். செக்ரெட்டரி கோயம்புத்தூர்ப் பையன். இவள் தினமும் காலையில் கதவை விரியத் திறந்து வைத்து, வேலைக்காரப் பெண்களை எல்லாம் உள்ளே போய் வரச் சொல்கிறாள் என்று அவன் கேட்க வந்திருக்கிறான். இவள் முதலில் அவனைப் போனியா என்று கேட்டிருக்கிறாள்.

"என்னக்கா சொன்னான்?"

"ஆன்ட்டி, ரூல்ஸ்ங்கன்னான். ரூல்ஸ் வந்து பாக்கும்போது ஃபினாயில் ஊத்திக் கழுவிடறேன் தம்பின்னேன். மூஞ்சி சுருங்கிப் போயிட்டான். இப்ப அவன் தொல்லை இல்ல, காத்துத்தான் தொல்லை. ஒம்போதாவது மாடியில்ல, வெச்ச எதையும் தள்ளிட்டு டமால்னு சாத்துது. சாத்தின கதவைப் பாத்தா அதுங்க திரும்பிப் போயிடுதுங்க."

பையிலிருந்து பிரேக் ஷூவை எடுத்தேன். சாவி அதில் அப்படியே தொங்கியது, துரு பிடித்து. குனிந்து கதவுக்கும் தரைக்கும் நடுவில் செருகி, காலால் ஓர் உதை விட்டேன். வளைந்த பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது.

லிஃப்ட் பக்கத்தில் ஒரு பெண் விளக்குமாற்றோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தயங்கினாள். அக்கா நாற்காலியிலிருந்தே மராட்டியில் சத்தம் போட்டாள், அந்த மாடி முழுக்கக் கேட்க. போய்விட்டு வந்தாயா இல்லையா?

அந்தப் பெண் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். இரும்பைத் தாண்டி உள்ளே வந்தாள். ஜன்னல் வழியாகக் காற்று அடித்தது. கதவு ஒருமுறை அதிர்ந்தது. சாத்தவில்லை.